சும்மா இருப்பவர்கள், கணக்கில் வராதவர்கள்: தகவல் திரட்டும் முறைகள் குறித்துச் சில குறிப்புகள்

நம் சூழலில் தகவல், புள்ளிவிவரம் என்று பேச்செடுத்தாலே இரண்டு விதமான எதிர்வினைகள் வருகின்றன. இயக்கத் தோழர்களில் ஒரு சாரார் எண்ணைக் கண்டதும் கும்பிட்டுவிடுகிறார்கள். அரசு அட்டவணையில் இத்தனை விழுக்காடு என்று இருந்தால் அது அப்படியே துண்டறிக்கைக்குப் போய்விடும். எழுத்தாளர்களில் ஒரு சாரார் இதற்கு நேர் எதிர். எண் எல்லாமே அதிகாரத்தின் ஜோடனை, மனுஷனைப் பற்றிக் கதைதான் சொல்லும், கணக்கு சொல்லாது என்பார்கள். கும்பிடுகிறவரும் சரி, காறித்துப்புகிறவரும் சரி, ஒரு எளிய கேள்வியைக் கேட்பதில்லை. இந்தத் தகவல் எப்படி வந்தது? யார், யாரிடம், எங்கே உட்கார்ந்து, எந்தச் சொற்களில் கேட்டார்கள்? பதில் சொல்லும்போது பக்கத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள்? சொன்ன பதில் எந்தக் கட்டத்துக்குள் போடப்பட்டது?

பல்கலைக்கழகத்திலும் இந்தக் கேள்விக்குப் பெரிய மரியாதை கிடையாது. நம் தமிழ்த்துறை ஆய்வேடுகளில் ‘ஆய்வு அணுகுமுறை’ என்று அரைப்பக்கம் இருக்கும். விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகியன பின்பற்றப்பட்டுள்ளன. முதன்மைச் சான்றுகள் இவை, துணைமைச் சான்றுகள் இவை. அவ்வளவுதான். அடுத்த ஆய்வேட்டிலும் அதே அரைப்பக்கம். சமூகவியல் துறைகளில் கொஞ்சம் விரிவாக இருக்கும்: வினாப்பட்டியல், நேர்காணல், பங்கேற்று நோக்கல், மாதிரித் தேர்வு என்று பாடப்புத்தகத்திலிருந்து இறங்கிய வரையறைகள். முறை என்பது ஒரு கருவிப்பெட்டி, வேலைக்குத் தக்கதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இவற்றுக்கு அடியிலிருக்கும் எண்ணம். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே ஒரு உறவை உண்டாக்குகிறது. அந்த உறவுதான் தகவலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சில வருஷங்கள் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக வினாப்பட்டியல் தூக்கிக்கொண்டு அலைந்தவன், உண்மையறியும் குழுக்களோடு ஊர்களுக்குப் போய்வந்தவன் என்கிற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கிப் பார்க்கிறேன்.

நம் மொழியே இதில் ஒரு குறிப்பு தருகிறது. ஆய்வாளர்கள் ‘தரவு’ என்கிறோம். தருவது, தரப்பட்டது என்று பொருள். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கணக்கு எடுக்க வந்திருக்காங்க’ என்பார்கள். நாம் தரப்பட்டதாக நினைப்பதை அவர்கள் எடுத்துக்கொண்டு போவதாகப் பார்க்கிறார்கள். தருதலுக்கும் எடுத்தலுக்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தில்தான் முறையியலின் பிரச்சினைகள் எல்லாமே கிடக்கின்றன.

1. பெயரும் கட்டமும்

பெரிய அளவில் தொடங்குவோம். இந்தியா முழுமைக்குமாக ஒரே காலத்தில் குடிக்கணக்கு எடுப்பது 1881இல் தொடங்கியது. 1931 வரை எல்லோருடைய சாதியும் பதிந்து வெளியிடப்பட்டது. 1941இல் சாதி கேட்கப்பட்டது, ஆனால் அட்டவணையாக வெளிவரவில்லை. 1951 முதல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே தனியாக எண்ணப்பட்டார்கள்.

காலனிய அரசு இருந்ததை எண்ணியது என்பதோடு விஷயம் முடிவதில்லை. எண்ணுவதற்கு முதலில் பெயர் வேண்டும். ஒருவருக்கு ஒரே பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஒரு பட்டியலுக்குள் அடங்க வேண்டும். ஊருக்கு ஊர் நெகிழ்ந்து கிடந்த அடையாளங்கள் இப்படிக் கட்டம் கட்டப்பட்டன என்பதை பெர்னார்ட் கோன், அர்ஜுன் அப்பாதுரை போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1901இல் ஹெர்பர்ட் ரிஸ்லி சாதிகளை மேல்கீழ் வரிசைப்படுத்த முற்பட்டதும் நாடெங்கும் மனுக்கள் குவிந்தன. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக ஊர் ஊராகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த எண் சாதியைச் சொல்லும் என்பது அன்றைய ‘விஞ்ஞானம்’. 1909இல் ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது. அந்த மூக்கு விஞ்ஞானத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. தொகுதிகளை மட்டும் இன்றும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் கணக்கெடுக்கப்பட்டவர்கள் வெறுமனே கைகட்டி நின்றார்கள் என்று சொல்லிவிட முடியாது. சாணார் என்று எழுதாதே, நாடார் என்று எழுது என்று போராடி 1921இல் சென்னை அரசை ஏற்கவைத்தார்கள். கட்டத்துக்குள் அடைக்கப்பட்டவர்கள் அந்தக் கட்டத்தையே கோரிக்கை மேடையாக மாற்றிக்கொண்டார்கள். எண் எல்லாமே ஆதிக்கத்தின் கருவி என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. 1932இல் வாக்குரிமைக் குழு தீண்டப்படாதோரின் எண்ணிக்கையைக் கேட்டபோது என்ன நடந்தது என்பதை அம்பேத்கர் பதிவுசெய்திருக்கிறார். பிரதிநிதித்துவம் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவுடனே, வட மாகாணங்களில் தீண்டப்படாதோர் என்று அப்படி யாரும் பெரிதாக இல்லை என்று சாதி இந்துக்கள் வாதிட ஆரம்பித்தார்கள். ஐக்கிய மாகாணத்தில் கோடிக்கு மேல் இருந்தவர்கள் சில லட்சமாகச் சுருங்கினார்கள். எண்ணுவது ஆதிக்கம் என்றால், எண்ண மறுப்பதும் ஆதிக்கம்தான்.

இது பழைய கதை இல்லை. 2011இல் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதில் சாதிப் பெயர்களுக்கு முன்கூட்டியே தயாரித்த பட்டியல் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். விளைவு, 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். 1931இல் இருந்தவை 4147. ஒன்றிய அரசே 2021இல் உச்சநீதிமன்றத்தில் இந்த எண்களைச் சொல்லி, தரவு பயன்படாது என்றது. 46 லட்சம் சாதிகள் இருக்கின்றன என்றா இதற்கு அர்த்தம்? ஒரே சமூகம் வன்னியர், படையாட்சி, கவுண்டர், நாயக்கர் என்று ஊருக்கு ஒரு பெயரில் வருகிறது. அதே கவுண்டர் என்ற பெயரைக் கொங்கு நாட்டில் வேறொரு சமூகம் சொல்கிறது. பட்டம், குலம், கூட்டம், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாகிவிடும். திறந்த கேள்வி கேட்டால் மக்களின் சொல் கிடைக்கும், கூட்டிப்பார்க்க முடியாது.

அதற்கு மாறாக பீகார் அரசு தன் கணக்கெடுப்பில் 200க்கும் மேற்பட்ட சாதிகளுக்கு முன்கூட்டியே எண் குறியீடு தந்தது; 2023 அக்டோபர் 2 அன்று முடிவை வெளியிட்டது. மிகவும் பிற்பட்டோர் 36.01 விழுக்காடு என்ற எண் அங்கே அரசியல் பேச்சையே மாற்றியது. கூட்டிப்பார்க்க முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் திருநர்களையும் ஒரு சாதிபோல எண் 22 என்று போட்டுவைத்திருந்தார்கள். அதை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மூடிய கேள்வி கேட்டால் கூட்டல் வரும், யாரோ ஒருவர் தவறான கட்டத்தில் போய் விழுவார். திறந்த கேள்வி, மூடிய கேள்வி என்று பாடப்புத்தகம் சாவகாசமாக விளக்கும் வேறுபாட்டின் அரசியல் இதுதான். 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட குடிக்கணக்கில் சாதியும் கேட்கப்படும் என்று 2025இல் முடிவாகியிருக்கிறது. ‘சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும்’ என்ற கோரிக்கையோடு நாம் நின்றுவிட முடியாது. பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், உட்சாதியை எப்படிக் குறிக்கிறார்கள், மதம் மாறியவரை எங்கே வைக்கிறார்கள் என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

2. சும்மா இருக்கேன்

வினாப்பட்டியலோடு போனவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு பதில் உண்டு. ‘நீங்க என்ன வேலை பாக்குறீங்க?’ என்று வீட்டிலிருக்கும் பெண்ணைக் கேட்டால், ‘நான் சும்மாதாங்க இருக்கேன்’ என்பார். அவர் பதில் சொல்ல வருவதற்கு முன்பே, ‘அது வீட்ல சும்மாதான் இருக்கு’ என்று கணவரோ மாமனாரோ சொல்லிவிடுவதும் உண்டு. இதைச் சொல்லும் நேரத்தில் அந்தம்மா கையில் முறமோ அரிவாள்மணையோ இருக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்திருப்பார். ‘சும்மா’ என்ற இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே புள்ளியியலுக்குள் போகும்போது ‘உழைப்பாளர் அல்லாதவர்’ ஆகிவிடுகிறது.

1961 குடிக்கணக்கில் பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் உழைப்பாளர்கள். 1971இல் இது ஏறத்தாழப் பாதியாக விழுந்துவிட்டது. பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் கழனியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களா என்ன? மாறியது கேள்விதான். 1961இல் பருவகாலத்தில் ஓரளவு தொடர்ந்து வேலை செய்தாலே உழைப்பாளர் என்று கொண்டார்கள். 1971இல் ‘உங்கள் பிரதான நடவடிக்கை எது’ என்று கேட்டார்கள். பிரதானம் எது என்று கேட்டால் நம் ஊர்ப் பெண் வீட்டு வேலை என்றுதான் சொல்வார், சொல்லவைக்கப்படுவார். நடவும் களையெடுப்பும் இரண்டாமிடத்துக்குப் போய்க் காணாமல்போயின. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் தொடர்ந்து வாதிட்டதன் பலனாக 1991இல் கேள்வியோடு ஒரு விளக்கம் சேர்ந்தது: குடும்ப நிலத்திலோ தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேர்த்து. அந்த வருஷம் விகிதம் 22.27 ஆனது. ஒரு அடைப்புக்குறி வாசகத்துக்காக இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னும் முடியவில்லை. தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் சேகரிப்பது, வீட்டுக்குத் தைப்பது முதலானவை. இரண்டுமே உழைப்புச் சக்திக்கு வெளியே. விறகை விற்றால் உழைப்பு. அதே விறகைத் தன் அடுப்பில் வைத்தால் 93. 2001 குடிக்கணக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், சிறைக் கைதிகளோடு சேர்த்து உழைக்காதவர் பட்டியலில் வைத்ததை உச்சநீதிமன்றமே 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கண்டித்தது. சாலை விபத்தில் செத்துப்போன ஒரு குடும்பப் பெண்ணின் உயிருக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போடும்போது இந்தக் கட்டம் வந்து முன்னால் நிற்கிறது. கட்டம் என்பது காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை.

மாற்றுமுறை இல்லாமல் இல்லை. ‘என்ன வேலை’ என்று கேட்காமல், ‘நேற்று விடிகாலை நாலு மணியிலிருந்து இன்று நாலு மணிவரை என்ன செய்தீர்கள்’ என்று அரைமணி அரைமணியாகக் கேட்பது. இதற்குப் பெயர் நேரப் பயன்பாட்டு ஆய்வு. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடத்திப் பார்த்தார்கள். 2019இலும் 2024இலும் நாடு முழுவதும் நடந்தது. ‘சும்மா இருக்கேன்’ என்றவரிடம் நாலு மணிக்கு என்ன, நாலரைக்கு என்ன என்று கேட்டால் சும்மா கரைந்துவிடும். 2019 கணக்குப்படி கூலியில்லா வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள்.

97 நிமிடமா, பரவாயில்லையே என்று ஆண்கள் சந்தோஷப்படத் தேவையில்லை. இங்கேதான் புள்ளிவிவரத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். இந்தச் சராசரி அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டுமானது. பெண்களில் அப்படிச் செய்தவர்கள் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. நான்கில் மூன்று ஆண்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. அவர்களையும் சேர்த்து வகுத்தால் ஆணின் பங்கு அரைமணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்காதவரை எந்தச் சராசரியையும் நம்பக் கூடாது.

3. ‘எங்க ஊர்ல அதெல்லாம் இல்லீங்க’

நேர்காணலிலும் இதே கதை வேறுவிதமாக நடக்கிறது. ‘உங்கள் ஊரில் தீண்டாமை இருக்கிறதா?’ என்று ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். ‘அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுறோம்’ என்பார். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட முடிவுகட்ட வேண்டியதில்லை. தீண்டாமை என்ற சொல் சட்டத்தின் சொல், குற்றத்தின் சொல். தான் அன்றாடம் செய்வதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் பழக்கவழக்கம். நாம் கேட்ட சொல்லுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவே.

2011-12இல் நாடெங்கும் 42,152 வீடுகளில் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு இதை ஒரு எளிய உத்தியால் எதிர்கொண்டது. முதலில், வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் இரண்டாவது கேள்வி: பட்டியல் சாதிக்காரர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் புழங்கினாலோ பரவாயில்லையா? முதல் கேள்வியில் நழுவியவர்களில் ஒரு பகுதி இரண்டாவதில் சிக்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்து 27 விழுக்காடு வீடுகள் தீண்டாமையைத் தாமே ஒப்புக்கொண்டன. இது ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. கடைப்பிடிப்பவர்களின் கணக்கு இதற்கு மேலேதான் இருக்கும்.

உண்மையறியும் குழுக்களில் போகும்போது நாங்கள் கற்றுக்கொண்டதும் இதுதான். கருத்தாகக் கேட்காதே, காரியமாகக் கேள். டீக்கடையில் தம்ளரை யார் கழுவி வைக்கிறார்கள்? பெஞ்சில் உட்காருவீர்களா, வெளியே நின்று குடிப்பீர்களா? முடிவெட்டிக்கொள்ள எந்த ஊருக்குப் போகிறீர்கள்? சாவு விழுந்தால் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகும்? இப்படிக் கேட்டால் பதில்கள் கொட்டும். அதே சமயம் கேள்விகளுக்கும் வயசாகிறது. காகிதக் கோப்பை வந்தபின் ‘இரட்டைக் குவளை உண்டா’ என்றால் இல்லை என்பதே பல கடைகளில் சரியான பதில். சிலருக்குச் சில்வர் தம்ளர், சிலருக்குக் காகிதக் கோப்பை என்று ஆகியிருப்பதை அந்தப் பழைய கேள்வி பிடிக்காது. தீண்டாமை புதுச்சட்டை மாட்டிக்கொள்ளும்போது நம் வினாப்பட்டியலும் மாற வேண்டும். இல்லையென்றால் தீண்டாமை குறைந்துவிட்டது என்று நாமே அறிக்கை எழுதிக்கொடுத்துவிடுவோம்.

4. எந்தத் தெருவில் தங்குவது?

வினாப்பட்டியலின் போதாமைக்கு மாற்றாகச் சொல்லப்படுவது களத்தில் தங்கிப் பார்ப்பது. மாலினோவ்ஸ்கி டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி 1922இல் எழுதிய நூலோடு இதற்கு ஒரு விதிமுறை உருவானது: அவர்கள் மொழியைப் பேசு, அவர்களோடு இரு, அவர்கள் பார்வையில் பார். 1967இல் அவருடைய களக் குறிப்பேடு வெளியானபோது, தான் வாழ்ந்த மக்கள்மீது அவருக்கிருந்த எரிச்சலும் இளக்காரமும் அம்பலமாயின. இதைவைத்து மேற்கத்திய மானிடவியலில் பெரிய விவாதமே நடந்தது. நம்மைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் ஸ்தூலமானது. ஊரில் தங்கு என்கிறீர்கள், ஊர் என்பது எது? ஊரா, சேரியா?

ஆந்த்ரே பெத்தெய் 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வுசெய்தார். 1965இல் வெளிவந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ நூலில் அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்தார். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அக்ரகாரத்தில் இருந்துகொண்டு ஆதிதிராவிடர் தெருவுக்குள் நினைத்தபடி போய்வர முடியாது என்பதையும், அதனால் தன் தகவல்களில் ஏற்றத்தாழ்வு இருப்பதையும் அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதி ராம்புராவில் செய்த களப்பணியும் மேல்சாதியினர் நடுவே இருந்து பார்த்ததுதான். அதை அவரும் மறைக்கவில்லை. 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீவைக்கப்பட்டதில் அவருடைய குறிப்புகள் எரிந்துபோயின. அதன்பின் ஞாபகத்திலிருந்து எழுதியதுதான் 1976இல் வந்த ‘நினைவில் நின்ற கிராமம்’. குறிப்பேடு எரிந்தாலும் கிராமம் மிஞ்சியது. ஆனால் எந்தத் தெருவின் கிராமம் அது என்ற கேள்வியும் கூடவே மிஞ்சுகிறது.

இது தனிமனிதக் குறைபாடு பற்றியது இல்லை. ஆய்வாளர் எங்கே படுத்தார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்பது முன்னுரையில் நன்றி சொல்லும் சமாச்சாரமாகக் கருதப்படுகிறது. என் வாதம், அதுதான் முறையியலின் முதல் தகவல். இந்தியக் கிராமத்தில் சாதிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கு ஒரு திண்ணை கிடையாது. கீழிருந்து கேட்கத் தொடங்கினால் அறிவே வேறாகிறது. பாண்டிச்சேரிப் பக்கத்துச் சேரி ஒன்றில் வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கையை ஜோசியான் ராசினும் ழான்-லுக் ராசினும் பல வருஷங்கள் ஒலிநாடாவில் பதிந்து 1995இல் பிரெஞ்சில் நூலாகக் கொண்டுவந்தார்கள். அதில் கிராமம் என்பது கழனி, ஒப்பாரி, பசி, கெக்கலிப்பு. ஆனாலும் அங்கே கேட்கிறவர் இருக்கிறார், வெட்டி ஒட்டுகிறவர் இருக்கிறார், மொழிபெயர்க்கிறவர் இருக்கிறார். ஒடுக்கப்பட்டவரின் குரல் அப்படியே கிடைத்துவிட்டது என்று நாம் பரவசப்படும் இடத்தில்தான் இந்தக் கைகளை எண்ணிப்பார்க்க வேண்டும்.

5. திரும்பிப் போவது

ஒருமுறை போய் எடுத்ததோடு முடிக்காமல் திரும்பத் திரும்பப் போவது என்றொரு முறை உண்டு. இதில் தமிழ்நாட்டுக்கு உலக அளவில் பெருமைப்படத்தக்க ஒரு மரபு இருக்கிறது. நம் இலக்கியப் பக்கங்களில் யாரும் பேசிப் பார்த்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தன் மாணவர்களை வினாப்பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ வெளிவந்தது. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகியவை அதில் உண்டு. இருபது வருஷம் கழித்து பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறு ஆய்வு நடத்தி 1940இல் வெளியிட்டார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்சரும் எண்பதுகளின் தொடக்கத்தில் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே ஊரின் தொண்ணூறு வருஷக் கணக்கு கைக்கு வந்துவிட்டது.

முதல் ஆய்வில் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்கள் இருக்கிறார்கள். கடைசி ஆய்வில் ஊரை ஆண்ட நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்து, தலித்துகள் பண்ணையை நம்பியிராமல் வெளிவேலைகளுக்குப் போகிறார்கள். மாற்றம் எதுவுமில்லை என்று புலம்புவோருக்கும் எல்லாம் மாறிவிட்டது என்று கொண்டாடுவோருக்கும் பதில் சொல்ல இப்படி ஒரு நீண்ட கணக்கு வேண்டும். ஒரு எச்சரிக்கையும் தேவை. 1916இல் கேட்காததை 2008இல் ஒப்பிட முடியாது. மறு ஆய்வு முதல் ஆய்வின் கண்களையும் சேர்த்தே சுமக்கிறது. அதனால்தான் இன்று ஒரு வினாப்பட்டியல் தயாரிக்கும்போது நாம் விடுகிற கேள்வி ஐம்பது வருஷத்துக்குப் பின்னால் வருகிறவர் கையையும் கட்டிவிடுகிறது.

6. கோப்பில் இருப்பது

ஆவணங்களை மட்டும் நம்பி எழுதுவோருக்கு ஒரு வார்த்தை. கோப்பு என்பது நடந்ததன் கண்ணாடி இல்லை, அலுவலகம் ஒன்றின் செயல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, இந்த மாநிலத்தில் வன்கொடுமை அதிகம், அந்த மாநிலத்தில் குறைவு என்று எழுதுகிறோம். அதிலிருப்பவை பதிவான வழக்குகள். காவல்நிலையத்தில் புகாரை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பும் ஊரில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அமைப்பாகத் திரண்டு போய் வழக்குப்பதிய வைக்கும் இடத்தில் கூடும். இன்னொன்று, ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். வன்புணர்ந்து கொன்றால் அட்டவணையில் கொலை மட்டும் ஏறி, மற்றது காணாமல்போன காலமும் இருந்தது.

நீதிமன்றத் தீர்ப்பும் ஆவணம்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தபோது, இத்தனை வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்துவந்து தீவைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற தர்க்கம் அங்கே வேலை செய்தது. கூலிகளின் சாட்சியத்தைவிட அந்தஸ்தின் சாட்சியம் எடைகூடியது. எது தகவல், யார் சொன்னால் தகவல் என்பதைத் தீர்மானிக்கும் இடம் நூலகத்துக்கு வெளியே இருக்கிறது.

7. நம் கேள்விகள்

அப்படியானால் என்ன செய்வது? அவநம்பிக்கையில் கைகழுவிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. 1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக 101 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். 25,000 படிகள் அச்சிட்டு விநியோகித்தார்கள். திரும்பி வந்த பதில்கள் சொற்பம். கல்விப்புலக் கணக்கில் அது தோற்றுப்போன ஆய்வு. ஆனால் அந்தக் கேள்விகளைப் படித்துப் பாருங்கள்: பட்டறையில் காற்றோட்டம் எப்படி, விபத்து நடந்தால் முதலாளி என்ன தருகிறார், வேலைக்கு வந்துபோக எவ்வளவு நேரம். பதில் எழுத உட்காரும் தொழிலாளி தன் பட்டறையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிவிடுவான். கேள்வியே ஒரு அரசியல் கல்வி. தகவலை எடுத்துக்கொண்டு போவது என்பதைத் தாண்டி, தகவலை அவர்களே உண்டாக்கிக்கொள்வது என்ற சாத்தியம் அங்கே திறக்கிறது.

நான் என் பங்குக்கு ஐந்து விஷயங்களை விவாதத்துக்கு வைக்கிறேன்.

ஒன்று, அறிக்கையோ ஆய்வேடோ எதுவானாலும் கேட்ட கேள்விகளை, பேச்சுமொழியில் கேட்டபடியே, பின்னிணைப்பாகத் தர வேண்டும். பதிலைத் தந்துவிட்டுக் கேள்வியை மறைப்பது மோசடி.

இரண்டு, யார் கேட்டார், அவர் ஆணா பெண்ணா, என்ன சாதியாக ஊரில் அறியப்பட்டார், எங்கே தங்கினார், யார் அழைத்துப்போனார், பேசும்போது யார் கூட இருந்தார் என்பதை எழுத வேண்டும்.

மூன்று, வீட்டுத் தலைவரிடம் கேட்டுவிட்டு வீட்டைக் கேட்டதாகச் சொல்லக் கூடாது. பெண்ணைப் பற்றிய கேள்வியைப் பெண்ணிடம், பெண்ணே போய்த் தனியாகக் கேட்க வேண்டும்.

நான்கு, நாம் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். சொன்னவர் அங்கேயேதான் இருக்கப்போகிறார். ஊர்ப்பெயரை மறைப்பதா வெளியிடுவதா என்பதை ஆய்வாளர் தன் வசதிக்கு முடிவுசெய்ய முடியாது. சில சமயம் பெயரை மறைத்தால் சொன்னவருக்குப் பாதுகாப்பு. சில சமயம் குற்றம் செய்தவனுக்குப் பாதுகாப்பு. சொன்னவரிடமே கேட்க வேண்டும். ‘எம்பேரப் போடுங்க, வர்றது வரட்டும்’ என்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘நான் சொன்னேன்னு மட்டும் வந்துடக் கூடாது சார்’ என்று கையைப் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே விதி பொருந்தாது.

ஐந்து, எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். அறிக்கை பெருநகரத்துக் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் வாசிக்கப்படுவதற்கு முன் அந்தத் தெருவில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். ‘இது அப்படி இல்லை சார், நீங்க தப்பா எழுதியிருக்கீங்க’ என்று அவர்கள் சொல்வதும் தரவுதான். அதையும் அச்சில் சேர்க்க வேண்டும்.

குடிக்கணக்கோடு சாதிக்கணக்கும் வீட்டு வாசலுக்கு வரப்போகிற நேரத்தில் இந்த விவாதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விட்டுவைக்க முடியாது. எண்ணுகிறவர் வரும்போது ஒவ்வொரு தெருவிலும் அந்தப் படிவத்தை ஏற்கனவே படித்த ஒருவராவது இருக்க வேண்டும். வாசற்படியில் நின்று ‘அந்தம்மா என்ன பண்றாங்க?’ என்று கேட்டால், உள்ளேயிருந்து ‘சும்மா’ என்ற பதில் வருவதற்கு முன், ‘அவங்களையே கேளுங்க’ என்று சொல்ல ஆள் வேண்டும்.